குளநெல்லுக்குப் போர்வை

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்பிள்ளை வீட்டில் சும்மா உட்காரக் கூடாது என்பது எங்கள் புந்தோங் வட்டாரத்தில் எழுதாத சட்டம். சிலர் கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுகிறார்கள். சிலர் காலையிலேயே ஈப்போ பழைய டவுனுக்குப் போய் வெள்ளைக் காப்பி குடித்துவிட்டு மத்தியானம் வரை நாட்டை ஆள்கிறார்கள். முப்பத்தைந்து வருஷம் கணக்குப் புத்தகத்தோடு மாரடித்த எனக்குச் சண்டையும் வராது, ஆட்சியும் வராது. ஆகவே நான் புல் வளர்க்கிறேன்.

புல் என்றால் வாசலில் மெத்தை மாதிரி விரிப்பார்களே, அது இல்லை. தண்ணீரில் நிற்கிற புல். தமிழில் குளநெல் என்று அழகான பெயர் இருக்கிறது. மலாய்க்காரர்கள் பாடி ஹந்து என்பார்கள், அதாவது பேய் நெல். தாவரவியலில் ஒரைசா ரூஃபிபோகன். இந்தப் பெயரை வைத்தவர் வில்லியம் கிரிஃபித் என்ற வெள்ளைக்கார டாக்டர். 1832இல் மதராசுக்கு வந்து இறங்கி, ஆசியா முழுக்கச் செடி பொறுக்கி, 1845இல் நம் மலாக்காவில் கண்ணை மூடியவர். இறக்கும்போது வயது 34. அவர் எழுதிவைத்த குறிப்புகள் அச்சாகி, இந்தப் புல்லுக்குப் பெயர் ஊரறியக் கிடைத்தது 1851இல். இவ்வளவையும் நான் என் மனைவியிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "செடி பொறுக்கினவரு முப்பத்திநாலுலயே போயிட்டாராங்க?"

பார்வைக்கு இது நெல்தான். நாம் சாப்பிடும் நெல்லுக்கு ஒன்றுவிட்ட உறவு கிடையாது, பெற்ற தாய். ஆசியாவின் நெல்லெல்லாம் இந்தக் காட்டுப் புல்லிலிருந்து மனிதன் பழக்கி எடுத்ததுதான். பழகிய மகள் வயலில் வரிசையாக நிற்கிறாள். பழகாத தாய் ஓடையிலும் சதுப்பிலும் காலை நீட்டிப் படுத்திருக்கிறாள். தண்ணீர் ஏறினால் தண்டும் கூடவே நீளும். கணுவுக்குக் கணு வேர் விட்டு மிதக்கும். வருஷா வருஷம் விதைக்க வேண்டியதில்லை, அடிக்கட்டையிலிருந்தே மறுபடி துளிர்க்கும்.

ஒரு காலத்தில் இது எங்கும் கிடந்த சரக்கு. சுங்கை சிப்புட் பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில், ஸ்டோருக்குக் கீழே ஒரு குட்டை. அதன் ஓரத்தில் இடுப்பளவு புல் நிற்கும். முனையில் செம்மையாக நீண்ட கூர் வைத்த கதிர். லயத்துப் பெண்கள் பால் வெட்டி முடித்த கையோடு அதை அறுத்து மாட்டுக்குக் கொண்டுபோவார்கள். அறுக்கும்போது இலையோரம் விரலைக் கிழிக்கும் என்பதைத் தவிர அந்தப் புல்லைப் பற்றி யாருக்கும் ஓர் அபிப்பிராயமும் இருந்ததில்லை. இன்று அங்கே குட்டையும் இல்லை, லயமும் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் இரண்டு மாடி வீடுகள் வந்தன. தாழ்ந்த நிலத்தைக் கண்டால் மண் கொட்டி மேடாக்குவது என்று நாடே ஒரு முடிவுக்கு வந்துவிட்ட பிறகு, தாழ்ந்த நிலத்தில் மட்டும் வாழத் தெரிந்த புல் எங்கே போகும்?

எனக்குக் கிடைத்தது பாகான் செராய் பக்கம் ஒரு வாய்க்கால் ஓரத்தில். கிரியான் வட்டாரம் பேராக்கின் நெற்களஞ்சியம். புக்கிட் மேராவில் ஏரி வெட்டி 1906இல் பாசனத்தை முடித்துக் கொடுத்த நாளிலிருந்து அங்கே நெல்தான். என் பழைய சிநேகிதர் ஒருவர் அங்கே நிலம் வைத்திருக்கிறார். புல்லைக் கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதைக் கொல்றதுக்கு நான் மருந்து வாங்கிக்கிட்டு இருக்கேன். நீ கன்று கேக்குறியே" என்றார். கோணிப்பையில் ஒரு கட்டுப் புல்லும், வாளியில் வாய்க்கால் சேறும், ஒரு டஜன் வாத்து முட்டையும் கொடுத்தனுப்பினார். முட்டை பரிதாபப்பட்டுக் கொடுத்தது.

வீட்டுக்கு வந்ததும் புல்லின் குலப்பெருமையை எடுத்துச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருந்தது. 1996இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தாரும் சீனாவின் கலப்பு நெல் தந்தை யுவான் லோங்பிங்கும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி. சீனாவின் நல்ல விளைச்சல் நெல் ஒன்றோடு காட்டு நெல்லைக் கலந்து பார்த்தார்கள். காட்டு நெல்லிலிருந்து வந்த இரண்டு மரபணுத் துண்டுகள் விளைச்சலை ஒன்று 18 சதவிகிதமும் மற்றொன்று 17 சதவிகிதமும் உயர்த்தின. அந்தக் காட்டு நெல் எந்த நாட்டுச் சரக்கு? மலேசியா! பிலிப்பைன்சில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சிக் கழகத்தின் வித்து வங்கியில் 105491 என்ற எண்ணில் கிடந்த நம்மூர்ப் புல். தனியாக நின்றால் கைப்பிடி நெல் தராத புல்லுக்குள், மகசூலைக் கூட்டுகிற சங்கதி ஒளிந்திருக்கிறது.

அதற்கும் முன்னால் 1970 நவம்பரில் ஹைனான் தீவில், யுவானின் உதவியாளர் லி பிஹு ஒரு சதுப்பில் இதே சாதிப் புல் ஒன்றைக் கண்டெடுத்தார். அதற்கு ஆண் மகரந்தம் செத்துப் போயிருந்தது. நெல் தன் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்த்துக் காரியத்தை முடித்துக்கொள்ளும். அதனால்தான் இரண்டு ரகங்களைக் கலந்து வயல் வயலாக வித்து எடுக்க முடியாமல் அதுவரை திண்டாடினார்கள். ஆணில்லாத அந்த ஒரு செடி கிடைத்ததும் வழி பிறந்தது. சீனாவின் கலப்பு நெல் அதன் மேல்தான் எழுந்து நின்றது.

இதன் ஒருவருஷத் தங்கை ஒரைசா நிவாராவின் கதை இன்னும் மேல். எழுபதுகளில் புல்குட்டை நோய் என்று ஒரு வைரஸ் ஆசிய வயல்களை அடித்துக்கொண்டு போனபோது, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் வித்துகளைச் சோதித்து, கடைசியில் உத்தரப்பிரதேசத்துக் காட்டு நெல் ஒன்றில் மட்டும்தான் தடுப்புச் சக்தியைக் கண்டார்கள். அதை ஏற்றிய ஐஆர் 36 ரகம் உலகத்திலேயே அதிகப் பரப்பில் விளைந்த நெல்களில் ஒன்றானது. தோட்டத்து மாடுகள் எப்பேர்ப்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளை அசை போட்டிருக்கின்றன என்று நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்கும்.

மனைவி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லதுங்க. அரிசி தீந்து போச்சு, பத்து கிலோ வாங்கிட்டு வாங்க" என்றாள்.

எங்கள் வீடு வரிசை வீடு. குளம் வெட்ட இடமில்லை. கார் நிறுத்தும் இடத்தில் பாதியைப் பிடித்து, இரண்டு பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள் வாங்கிப் போட்டேன். கார் அன்றிலிருந்து தெருவில் வெயில் காய்கிறது. அடியில் ஒரு சாண் களிமண்ணும் சேறும், மேலே முழங்கை ஆழத்துக்குத் தண்ணீர், தலைக்கு மேல் நாள் முழுக்க வெயில். இதற்கு மேல் இந்தப் புல் ஒன்றும் கேட்பதில்லை. கேட்பவர்கள் மனிதர்கள்தான்.

தேங்கின தண்ணீர் என்றாலே இங்கே டெங்கிதான் ஞாபகம் வரும். 1975ஆம் வருஷத்து நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு கண்டுபிடித்தால் அங்கேயே 500 வெள்ளி அபராதச் சீட்டு. நான் தொட்டியில் கப்பி மீன் விட்டிருந்தேன். ஒருநாள் சோதனைக்கு வந்த இளைஞர் டார்ச் அடித்துக் கரண்டியால் தண்ணீரை மொண்டு மொண்டு பார்த்தார். புழு இல்லை, கொழுத்த மீன்கள்தான் இருந்தன. எனக்குத் தைரியம் வந்து கிரிஃபித்தில் தொடங்கி ஹைனான் வரை மலாயில் விளக்கினேன். அவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். போன பிறகு மனைவி சொன்னாள்: "அவர் எழுதினது வேற ஒண்ணும் இல்ல. இந்த வீட்டுக்கு அடுத்த தடவை வேற ஆள அனுப்புங்கன்னு."

கொசுவுக்குத் தப்பினால் நத்தை. வாய்க்கால் சேற்றோடு தங்க நத்தையும் குடிவந்தது எனக்குத் தெரியாது. ஒரு காலை தண்ணீருக்கு மேலே புல்தண்டில் ரோஜா நிறத்தில் மணிமணியாக ஒரு கொத்து ஒட்டியிருந்தது. இவ்வளவு அழகான பூவா என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தேன். முட்டை! தென் அமெரிக்கச் சரக்கு. இரவில் ஏறி இளங்குருத்தை மட்டும் பார்த்துத் தின்னும். அந்த முட்டைக்குக் காற்று வேண்டும், தண்ணீருக்குள் தட்டிவிட்டால் பொரிக்காது. ஆகையால் காலையில் பல் துலக்குகிறேனோ இல்லையோ, குச்சியும் கையுமாகத் தொட்டியைச் சுற்றி வருகிறேன்.

நத்தையை ஒழிக்க என் மைத்துனர் ஒரு யோசனையோடு வந்தார். யோசனை பிளாஸ்டிக் பையில் நீந்திக்கொண்டிருந்தது. "மாமா, இது எல்லாத்தையும் சுத்தம் பண்ணிடும்" என்று தொட்டியில் கவிழ்த்துவிட்டுத் தே தாரிக் குடித்துவிட்டுப் போனார். சொன்னதைச் செய்தது. அது புல் கெண்டை. ஒரு நாளைக்குத் தன் எடைக்கு எடை புல் தின்னக்கூடிய சீன மீன். இரண்டு நாளில் ஒரு தொட்டி மொட்டை. நத்தைகள் மட்டும் செழிப்பாக இருந்தன. மீனைக் குழம்பு வைத்தோம். நெல்லின் தாயைத் தின்ற மீனைச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டேன். ருசி குறைவு என்று சொல்ல முடியாது.

ஒன்று கவனித்தேன். கெண்டை சீனம். நத்தையும் கப்பியும் தென் அமெரிக்கா. பக்கத்துச் சாக்கடையில் பூத்துக் கிடக்கும் ஆகாயத்தாமரை அமேசான். ஒரு காலத்தில் கிந்தா வட்டாரத்துச் சீனர்கள் அதைக் குட்டையில் வளர்த்துப் பன்றிக்குப் போட்டார்கள். ஈயக் குட்டைகளில் பிடிபடும் ஜப்பான் மீன் ஜப்பானே இல்லை, ஜப்பான்காரன் காலத்தில் இங்கே பரவிய ஆப்பிரிக்கத் திலாப்பியா. ரப்பர் பிரேசில். இந்த நாட்டின் முதல் மரங்களில் ஒன்று 1877இலிருந்து கோலகங்சாரில் நிற்கிறது. செம்பனை மேற்கு ஆப்பிரிக்கா. என் தாத்தா சேலம் ஜில்லா. என் வீட்டுக் காம்பவுண்டுக்குள் அசல் மண்ணின் மைந்தன் அந்தப் புல் ஒன்றுதான். அதற்குத்தான் இருக்க இடமில்லை.

மிஞ்சிய தொட்டி ஆளுயரத்துக்குச் செழித்தது. இலை கரும்பச்சை, தூர் கனம். ஆனால் கதிர் தலைகாட்டவே இல்லை. சேற்றை மாற்றினேன், தண்ணீரைக் குறைத்தேன், கூட்டினேன். காரணம் தொட்டியில் இல்லை, தெருவில் இருந்தது. எங்கள் வாசலுக்கு நேரே புதிதாக வெள்ளை எல்இடி விளக்கு வைத்திருந்தார்கள். ராத்திரி அதன் கீழே பேப்பர் படிக்கலாம்.

குளநெல் நாள் பார்த்துப் பூக்கும் சாதி. இரவு நீண்டால்தான் பூப்புக்கு உத்தரவு. இராத்திரி நடுவே வெளிச்சம் பட்டால் பகல் இன்னும் முடியவில்லை என்று எண்ணிக்கொள்ளும். பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் பகலென்ன, இரவென்ன, எல்லாம் பன்னிரண்டு மணி நேரம்தானே என்று நானும் நினைத்தேன். ஈப்போவில் வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் சுமார் அரை மணி நேர வித்தியாசம் உண்டு. மலாக்காவில் அதுவும் இல்லை, பதினாலு நிமிஷம்தான். அந்தப் பதினாலு நிமிஷத்தையும் நெல் கணக்கு வைக்கிறது என்று டோர் என்பவர் 1959இல் எழுதினார். சியாம் 29 என்ற ரகத்தை மலாக்காவில் ஜனவரியில் விதைத்தால் 329 நாள் எடுத்தது. செப்டம்பரில் விதைத்தால் 161 நாள். கிட்டத்தட்ட அரை வருஷம் வித்தியாசம், பதினாலு நிமிஷத்துக்காக! நான் வேலை பார்த்த ஆபீசில் பதினாலு நிமிஷத் தாமதத்தை யாரும் கண்டுகொண்டதில்லை.

விளக்கை அணைக்கச் சொல்லி மனு எழுதலாம் என்றேன். "எழுதுங்க. காரணம்னு என்ன எழுதுவீங்க? என் புல்லுக்குத் தூக்கம் வரலைன்னா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. ஆகவே மூங்கிலை நட்டுச் சட்டம் கட்டினேன். பெரிய கறுப்புப் போர்வை ஒன்று பரணில் இருந்தது. மாலை ஏழு மணிக்குப் போர்த்துவது, காலை ஏழு மணிக்கு எடுப்பது. செப்டம்பர் முதல் இதுதான் என் உத்தியோகம்.

புந்தோங் மாதிரி ஊரில் ஒரு மனிதன் தினமும் இருட்டுகிற நேரத்தில் காம்பவுண்டில் எதையோ போர்வை போட்டு மூடினால் பேச்சு வராமல் இருக்குமா? பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அண்ணே, உன் பாடிக்குக் குளிராலா?" என்று விசாரித்தார். கச்சாங் பூத்தே விற்கிற பையன் புதையல் என்று சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் நேரிலேயே வந்து, ஏதாவது வேண்டுதலா என்று பக்குவமாகக் கேட்டார். அக்டோபர், நவம்பர் மழையில் போர்வை நனைந்து சட்டத்தோடு சரிந்து விழும். நடுச்சாமத்தில் குடையும் கையுமாக அதைத் தூக்கி நிறுத்துவேன். அப்படி ஒரு ராத்திரி நனைந்துகொண்டு உள்ளே வந்தபோது மனைவி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். "கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல எனக்கு ஒருநாள் போத்திவிட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள். இதற்கு 'நேச்சர்' இதழில் பதில் இல்லை.

டிசம்பரில் கதிர் வெளியே வந்தது.

காலை ஒன்பது, பத்து மணிக்குள் பூ திறக்கிறது. உமி இரண்டாகப் பிளந்து மஞ்சள் மகரந்தப்பைகள் நூலில் தொங்கி ஆடும்; வயல் நெல்லுக்கு இருப்பதைவிடப் பெரியவை. மத்தியானத்துக்குள் மூடிக்கொள்ளும். கூர்கள் விரல் நீளத்துக்குச் செம்மையேறி நிற்கும். பழைய தோட்டத்துக் குட்டையில் பார்த்த அதே கதிர். மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று திரும்பி வந்தது.

அறுவடைதான் இந்தப் புல்லின் அசல் குறும்பு. மணி முற்றுகிறதோ இல்லையோ, ஒவ்வொன்றாகக் கழன்று தண்ணீரில் விழுந்து சேற்றுக்குள் புதைந்துகொள்ளும். கை வைத்தால் விழும், காற்றடித்தால் விழும், அருகில் நின்று இருமினால்கூட விழும். உதிராத மணியைத் தேடித் தேடி எடுத்து விதைத்துத்தான் பண்டை மனிதன் இதை நெல்லாக்கினான். உதிராமல் நிற்கிற அந்த ஒரு குணம் இல்லாவிட்டால் நமக்குப் பொங்கலே கிடையாது. நான் கிழிந்த கொசுவலையைத் தொட்டியின் மேல் கட்டிப் பிடித்தேன். பாதியைச் சில்லைக் குருவிகள் கொண்டுபோயின. மிஞ்சியதைப் பொங்கலுக்கு முதல் நாள் உரலில் குத்தினேன். கறுப்பு உமிக்குள்ளிருந்து மெலிந்த சிவப்பு அரிசி. மொத்தம் ஒரு தேக்கரண்டி. மனைவி அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பானை பொங்கும்போது கடை அரிசியோடு அதையும் போட்டாள். இலையில் பரிமாறியபோது ஆளுக்கொரு சிவப்பு அரிசி வந்ததா இல்லையா என்று பேரப்பிள்ளைகளுக்குள் சண்டை.

தொட்டியில் வெற்றி கண்டவன் தொட்டியோடு நிற்பானா? கிந்தாப் பள்ளத்தாக்கு முழுக்க ஈயம் வெட்டிய லம்பக் குட்டைகள் சும்மா கிடக்கின்றன. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை கவிழ்ந்த பிறகு பம்புகள் நின்றன. பத்து காஜாவில் அப்படிக் கிடந்த குட்டைகளையே கொக்கும் நாரையும் கூடு கட்டுகிற கிந்தா இயற்கைப் பூங்காவாக்கி வைத்திருக்கிறார்கள். தஞ்சோங் துவாலாங்கில் குட்டைக்குள் இறால் வளர்க்கிறார்கள். புல்லும் வளரட்டுமே என்று ஒரு வாளிக் கன்றோடு போய்ப் பார்த்தேன். லம்பக் குட்டையின் கரை நெட்டுக்குத்தாக இறங்குகிறது. ஓரத்தில் முழங்கால் ஆழம், ஓரடி தள்ளினால் ஆள் ஆழம். அடியில் ஈயம் அலசிக் கழித்த வெள்ளை மணல், சத்தே கிடையாது. குளநெல்லுக்குச் சரிவான கரையும் சேறும் வேண்டும். நீச்சல் தெரியாத ஓய்வு பெற்ற கணக்கருக்கும் அதுதான் வேண்டும். திரும்பிவிட்டேன்.

சீனாவில் ஜியாங்சி மாநிலத்து டோங்சியாங்கில், உலகத்திலேயே வடகோடியில் வளரும் குளநெல்லை 1978இல் கண்டுபிடித்து, அது நிற்கிற சதுப்பைச் சுற்றி மதிலே கட்டிப் பாதுகாக்கிறார்கள். ஒரு புல்லுக்கு மதில்! இதை மனைவியிடம் சொன்னேன். நம் வீட்டுக்கும் மதில் இருக்கிறது, ஆனால் எது உள்ளே இருக்க வேண்டும், எது வெளியே இருக்க வேண்டும் என்பதில்தான் அபிப்பிராய பேதம் என்றாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் பாகான் செராய் சிநேகிதர் பக்கம்தான் நான். இந்தப் புல்லின் மகரந்தம் வயல் நெல்லோடு கலக்கும். கலந்தால் உதிர்கிற குணம் வயலுக்குள் நுழையும். 1988இல் சிலாங்கூரின் செக்கிஞ்சானில் முதலில் தலைகாட்டிய பாடி அங்கின், இப்படி உதிர்ந்து உதிர்ந்தே விவசாயியின் வயிற்றில் அடிக்கிற களைநெல்தான். அதன் பிறப்பில் காட்டு நெல்லுக்கும் பங்குண்டு என்கிறார்கள். ஆகவே இது வயலோரத்தில் வளர்க்க வேண்டிய செடி அல்ல. நெல்லே இல்லாத புந்தோங் மாதிரியான ஊரில், கார் நிறுத்துகிற இடத்தில் வளர்க்க வேண்டிய செடி.

தொட்டி இப்போது நிரம்பி வழிகிறது. கன்று பிரித்து வைத்திருக்கிறேன். ஈப்போ சுற்று வட்டாரத்தில் யாருக்கு வேண்டுமானாலும் இனாமாகத் தருகிறேன். வயல் பக்கம் குடியிருப்பவர்கள் மன்னிக்க வேண்டும், உங்களுக்குக் கிடையாது. கெண்டை வளர்ப்பவர்களுக்கும் கிடையாது. மற்றவர்கள் சாயங்காலம் ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள், அதற்குப் பிறகு போர்வையை எடுக்க மாட்டேன். வாளியை நீங்களே கொண்டு வர வேண்டும். எங்கள் வீட்டு வாளிகளை மனைவி எண்ணி வைத்திருக்கிறாள்.